கரப்பான் டப்பா அங்கனயேதான் இருக்கும்

யாழினி அப்பாவுக்கு,

சாத்தூர்ல ஒருத்தரு வளர்க்கிற ஓணான்களுக்குத் தீனியா, நான் வளர்த்த கரப்பான்ல அம்பதை விக்கக் கொண்டுட்டுப் போறேன். பதினோரு மணிக்கு உங்க அக்கா வருவாக. சோறும் கருவாட்டுக் குழம்பும் அடுப்படியில இருக்கு.

அவுக வர்றாகன்னு கரப்பான் டப்பாவைத் தூக்கி எறியச் சொன்னீக. எறிய மாட்டேன். போன சீசன்ல, டப்பா இருக்கிற இதே ரூம்ல பட்டாசுத் திரியைக் கட்டுக் கட்டா அடுக்கி வச்சீக. நானும் பிள்ளையும் அதுக்குப் பக்கத்துலதான் படுத்தோம். அப்ப உங்க அக்கா, "தொழில்னா அப்படித்தான் இருக்கும்"னு சொன்னாக. இதுவும் தொழில்தான்.

பானுப்பிரியா

மறந்துட்டேன். மத்தியானம் டப்பாவுக்குள்ள ரெண்டு கேரட் துண்டு போட்டுருங்க. பயப்படாம மூடியைத் திறங்க, அது ஒண்ணும் வெடிக்காது.