சாவிக்கு நகரும் புள்ளி

இன்று காலை உங்கள் அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், நம் பெண் கல்யாணி, நீங்கள் வேலை பார்த்த கல்லூரியிலிருந்து வந்த ஆசிரியை. அப்புறம், சுவரில் உங்கள் வெளிச்சப் புள்ளி.

ஆசிரியை கண்ணாடிப் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். பட்டு நூலில் தொங்கும் காந்தத் துண்டு, அதில் ஒட்டிய சின்னக் கண்ணாடி, விளக்கின் ஒளி அதில் பட்டுச் சுவருக்குப் போவது, எல்லாவற்றையும். "பூமியோட காந்தம் துளி மாறினாலும் புள்ளி நகருதே. பிள்ளைங்க பார்க்கணும்மா, குடுங்க" என்றார். கல்யாணியும், "குடுத்துடும்மா. வீட்டைப் பூட்டிட்டு என்னோட வரப்போறே. இதை யாரு பார்த்துக்குவா?" என்றாள்.

"நூல் என்னோடது" என்றேன். இருவருக்கும் புரியவில்லை.

உங்களுக்குப் புரியும். முறுக்கில்லாத நூல் வேண்டும் என்று என் கூறைப்புடவையில் ஓர் இழையை உருவினீர்கள். "தாலி கட்டினப்போ உடுத்தினதுங்க" என்றேன். "அதனாலதான் அறுந்து போகாது" என்றீர்கள்.

அந்த அறைக்குள் இரும்பு வரக்கூடாது. கோயில் வாசலில் செருப்பை விடுகிற மாதிரி, ஊக்கையும் சாவிக்கொத்தையும் வெளியே வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஒரு சம்பா அறுவடையின்போது புள்ளி, சுவரில் நீங்கள் போட்டிருந்த கோட்டைத் தாண்டி ஓடிவிட்டது. சூரியனில் புயல், அதுதான் பூமியின் காந்தத்தை ஆட்டுகிறது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தீர்கள். கொல்லையில் போய்ப் பார்த்தால், நம் சுவரை ஒட்டி அறுவடை மெஷின் நிற்கிறது. டிரைவர் பதறி, "சுவத்துல இடிச்சிட்டேனா சார்?" என்றான். "சூரியனையே இடிச்சிட்டப்பா" என்றீர்கள். அன்று முழுக்கச் சிரித்தோம்.

எனக்கு அதைவிட நினைவில் நிற்பது வேறு. காப்பியோடு நான் உள்ளே வருவேன். இடுப்பில் சாவி இருப்பதை மறந்திருப்பேன். நீங்கள் சுவரைப் பார்த்தபடியே இருப்பீர்கள், புள்ளி துள்ளும். திரும்பாமலே, "சாவி" என்பீர்கள். என் கொலுசுச் சத்தம்கூட உங்கள் காதில் விழுந்ததில்லை. நான் வருவதைப் புள்ளிதான் உங்களுக்குச் சொல்லும்.

நீங்கள் போன பிறகும் சுவாமி விளக்கை ஏற்றிய கையோடு இந்த விளக்கையும் ஏற்றுகிறேன். பால் கணக்குக்குப் பக்கத்தில் புள்ளி நிற்கும் இடத்தைக் குறித்து வைக்கிறேன். வெயில் ஏற ஏற அது மெல்ல ஒதுங்கி, சாயங்காலம் பழைய இடத்துக்குத் திரும்பி வந்துவிடுகிறது. அதுவாவது வருகிறது.

அவர்கள் இருவரும் கூடத்துக்குப் போன பிறகு, வேண்டுமென்றே சாவிக்கொத்தோடு பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். புள்ளி துள்ளியது. காத்திருந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பெட்டியைக் கொடுத்தால் பிள்ளைகள் பார்ப்பார்கள், அது நல்லதுதான். ஆனால் நூலை எப்படிக் கொடுப்பேன்? நீங்கள் சொன்னால் கொடுத்துவிடுகிறேன். திங்கட்கிழமை ஆசிரியை மறுபடி வருகிறார். கனவில் வந்தாலும் சரி, அதற்குள் ஒரு பதில் சொல்லுங்க.