பதினெட்டு நாளில் திரும்பி வந்த காரணம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், உன் வீட்டிலிருந்து கொண்டுவந்த சளியும் போன வாரமே என்னிடம் விடைபெற்றுப் போய்விட்டது, ஆகையால் நேற்று நீ தொலைபேசியில் கேட்டதும் நான் இருமிக்கொண்டே வைத்தேனே, அந்த இருமல் பொய் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். நீ நலமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்க வேண்டும், ஆனால் அதற்கு நீ சொல்லப்போகும் பதிலும் என் இருமல் மாதிரிதான் இருக்கும் என்பதால் கேட்காமல் விடுகிறேன். உன் கேள்வி எனக்கு நன்றாகவே காதில் விழுந்தது. மாதக் கடைசிக்குள் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லியாக வேண்டும், அப்பா இனிமேல் என்னோடுதான் இருக்கப்போகிறார் என்றால் அதே மாடியில் காலியாகும் இரண்டு அறை வீட்டை எடுத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் இந்த ஓர் அறையே எனக்குப் போதும் என்றாய். தொலைபேசியில் பேசினால் நான் பாதி சொல்வதற்குள் நீ மீதியைப் பிடுங்கிக்கொள்வாய், அதனால்தான் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் அண்ணி கார் ஓட்டும் தேர்வில் முதல் தடவையே தேறிவிட்டாள், தேறிய கையோடு வந்து நம் வாசல் கம்பிக்கதவை இடித்தும் விட்டாள், உன் அண்ணன் சுத்தியலை எடுத்துக்கொண்டு கம்பியை நிமிர்த்தப் போய்விட்டான், மூன்று தடவை தோற்றவன் என்ன பேசுவான். அவர்கள் குட்டிப்பெண்ணுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதால் அவள் பேசினால் வார்த்தையைவிடக் காற்றுதான் அதிகம் வருகிறது. கடையில் சாவி வெட்டும் இயந்திரத்தை இப்போது அண்ணன்தான் பார்த்துக்கொள்கிறான், நன்றாகவே வெட்டுகிறான், இதை அவனிடம் சொல்லித் தொலைக்காதே, பிறகு தலைகால் புரியாது. நீ கேட்டதை உன் அத்தையிடம் சொன்னேன். அங்கே போனா உனக்குப் பேச்சுத் துணைக்கு ஆளே இருக்காதுடா, ரெண்டு மாசத்துல சுவரோட பேச ஆரம்பிச்சுடுவே என்றாள். அவள் அந்த நகரத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, இருந்தாலும் பாதியைச் சரியாகச் சொல்லிவிட்டாள் என்றே எனக்குப் பட்டது, மீதிப் பாதியைத்தான் நான் உனக்குச் சொல்ல வேண்டும்.

ஒரு மாதம் இருக்கிறேன் என்று வந்தவன் பதினெட்டாம் நாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது பள்ளிக்கூடத்து அலமாரிப் பூட்டு வேலை அவசரமாக வந்ததால் என்று சொன்னேன் அல்லவா, அதுவும் பொய். பதினாறாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும், நீ வேலைக்குப் போய் வெகுநேரம் ஆகிவிட்டது. எதிர்வீட்டு அம்மா, அதுதான் அந்த ஓய்வுபெற்ற நர்ஸ், குப்பையை வெளியே வைக்க வந்த நேரத்தில் காற்றில் கதவு சாத்திக்கொண்டது. தானே பூட்டிக்கொள்ளும் பூட்டு, சாவி உள்ளே, அடுப்பில் பால். காவலாளி யாரோ ஒரு பூட்டுக்காரருக்குப் போன் போட்டால் அவர் ரெண்டு மணி நேரம் ஆகும் என்கிறார். அந்த அம்மா வீட்டுச் செருப்போடு நின்று கையைப் பிசைகிறார், கதவிடுக்கு வழியாகத் தீய்ந்த வாடை வருகிறது. எனக்குக் கை சும்மா இருக்குமா. சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் இரண்டு கம்பியை எடுத்தேன், நீ பத்து எண்ணுவதற்குள் கதவு திறந்துவிட்டது. அந்த அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதே விட்டார். அதற்குள் மாடியில் இருந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்திருந்தார்கள், அதில் ஒருவர் இவ்வளவு சுலபமாவா திறக்கும் என்று கேட்டார்.

அதோடு நான் வீட்டுக்குள் போயிருக்க வேண்டும். ஆனால் ஒரு பூட்டைத் திறந்தவன் அதன் குறையைச் சொல்லாமல் போகக் கூடாது என்பது எங்கள் தொழில் வழக்கம், எனக்கு வேலை கற்றுக்கொடுத்த முதலாளி சொல்லாமல் வந்தால் அடிக்கவே வருவார். நான் என்ன செய்தேன் தெரியுமா, அந்த நடை முழுக்க ஒவ்வொரு கதவாகக் காட்டிக்கொண்டே போனேன். இது அரை நிமிடம், இது ஒரு நிமிடம், இதற்குக் கம்பியே வேண்டாம் ஒரு அட்டை போதும், அந்த நீலக் கதவு மட்டும் பரவாயில்லை, ஐந்து நிமிடம் தாங்கும் என்று கைநீட்டி விளக்கம் கொடுத்தேன். நம் ஊராக இருந்தால் அடுத்த நாளே நாலு பேர் பூட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்திருப்பார்கள். அங்கே ஒருத்தர் முகத்திலும் ஈ ஆடவில்லை. ஒவ்வொருவராக உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுகிற சத்தம்தான் கேட்டது. சாயங்காலம் லிஃப்டில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள், குடியிருப்போர் உடனே பூட்டை மாற்றிக்கொள்ளவும், வெளியாட்கள் விஷயத்தில் விழிப்பாக இருக்கவும் என்று. நீகூட வந்து, ஏதோ திருட்டு பயமாம்பா, நீங்க கதவைச் சாத்தியே வையுங்க என்றாய், நானும் யோக்கியன் மாதிரி தலையை ஆட்டினேன். மறுநாள் குடியிருப்புச் செயலாளர் மரியாதையாகவே வந்து, ஐயா இன்னும் எத்தனை நாள் இருப்பீங்க என்று கேட்டார். தினமும் என்னோடு அரட்டை அடிக்கும் காவலாளி நோட்டை நீட்டிப் பேர், போன் நம்பர், போகிற நேரம், வருகிற நேரம் எல்லாம் எழுதச் சொன்னான். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. என்னால் உன் பெயர் கெடக் கூடாது என்றுதான் கிளம்பினேன் அம்மா, வேறொன்றுமில்லை.

ரயிலில் வரும்போது அந்த நகரத்தை வாயாரத் திட்டிக்கொண்டே வந்தேன். மனிதன் வாழ்கிற இடமா அது, குழாயைத் திறந்தால் முதலில் இருமல் சத்தம்தான் வருகிறது, ஒரு திருகாணி வாங்க இரண்டு பேருந்து மாற வேண்டியிருக்கிறது, பக்கத்து வீட்டில் இருப்பது மனிதரா தொலைக்காட்சியா என்றுகூடத் தெரிவதில்லை, வானத்தைப் பார்க்க வேண்டுமானால் துணி காயப்போடும் இடத்துக்குப் போய்க் கழுத்தை ஒடித்துக்கொள்ள வேண்டும். உன்னையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடச் சொல்லி எழுதலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து ஆற அமர நினைத்துப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. நீ என்னை உன் ரயில் கட்டுப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போனாயே, ஒரு சுவர் முழுக்க விளக்கு, அதன் முன்னால் நீ காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உங்க பொண்ணு நில்லுன்னா நாப்பது வண்டி நிக்கும் சார் என்று உன் மேலதிகாரி சொன்னபோது நான் அந்தச் சுவரில் இருந்த விளக்குகளை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்துவிட்டேன். நம் ஊருக்கு வருவதே இரண்டு வண்டி, அது இரண்டும் யார் சொன்னாலும் கேட்காது. உன்னைத் திரும்பி வா என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊரில் எல்லோரும் எல்லோரையும் விசாரிப்பார்கள் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். உன் அம்மா போனபோது ஒரு மாதம் நம் வீட்டில் அடுப்பு மூட்டவே விடாமல் பார்த்துக்கொண்டது இந்தத் தெருதான், அதை நான் மறக்கவே மாட்டேன். ஆனால் நீ தனியாக வெளியூருக்கு வேலைக்குக் கிளம்பியபோது கடைக்கு வந்து வந்து என் காதைத் துளைத்ததும் இதே தெருதான், பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையா என்று இன்றைக்கும் பூட்டு வாங்க வருகிறவன் எல்லாம் கேட்கிறான். அங்கே உன்னை ஒருத்தரும் அப்படிக் கேட்கவில்லை. நீ அந்தத் தெருவில் நிமிர்ந்து நடக்கிறாய். இங்கே நீ அப்படி நடந்து நான் பார்த்ததில்லை, அதைப் பார்த்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உன்னிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அப்புறம் அந்தப் பூட்டுக்கடைத் தெரு, ஒரு தெரு முழுக்கப் பூட்டைத் தவிர வேறொன்றும் விற்காத அதிசயத்தை நான் வேறெங்கே பார்ப்பேன். உனக்குத் தெரியாமல் மூன்று தடவை போனேன். சாவியே இல்லாமல் விரலை வைத்தால் திறக்கும் பூட்டு ஒன்றைப் பிரித்துக் காட்டினார் ஒரு கடைக்காரர், அறுபத்து நாலு வயதில் எனக்குத் தெரியாத பூட்டு ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது முதலில் ரோஷமாகவும் பிறகு உற்சாகமாகவும் இருந்தது.

போன வாரம் எதிர்வீட்டு அம்மா போன் செய்தார். காவலாளி நோட்டில் நான் எழுதிய நம்பரைப் பார்த்து எடுத்தாராம். சொல்லாம கொள்ளாம போறதுதான் உங்க ஊர் மரியாதையா என்று எடுத்த எடுப்பிலேயே ஒரு பிடி பிடித்தார். செயலாளரிடமும் போய் அந்த மனுஷன் இல்லேன்னா என் வீடு எரிஞ்சிருக்கும், அவரைப் போய்க் கையெழுத்துப் போட வெச்சீங்களே என்று சண்டை போட்டிருக்கிறார். பூட்டை மாற்ற வந்தவன் முன்பிருந்ததைவிட மட்டமான பூட்டை மாட்டிவிட்டுப் போய்விட்டானாம், நீங்க அஞ்சு நிமிஷம் தாங்கும்னு சொன்னீங்களே, அந்த மாதிரிப் பூட்டு ஏழு வீட்டுக்கு வேணுமாம், எப்ப வருவீங்கன்னு செயலாளரே கேக்கச் சொன்னார் என்றார். பயந்தவர்கள்மேல் இப்போது எனக்குக் கோபமில்லை. முன்பின் தெரியாத ஒருவன் பத்து எண்ணுவதற்குள் என் கதவைத் திறந்து காட்டினால் நானும்தான் பயப்படுவேன். அந்த ஊரில் மனிதர்கள் பழக நாளாகும், பழகிவிட்டால் அவர்களும் நம்மைப் போல்தான்.

ஆனால் நான் வரப்போவது அந்த ஏழு பூட்டுக்காக இல்லை, அது உனக்குத் தெரியட்டும். நான் இருந்த பதினெட்டு நாளும் நீ வேலை முடிந்து வந்ததும் அழைப்பு மணியை அடித்தாய். ஒருநாள்கூடச் சாவி போட்டுத் திறக்கவில்லை. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, சாவிதான் பையில இருக்கே, எதுக்கு என்னை எழுப்பறே என்று நான் எரிந்து விழுந்தேன். நீ செருப்பைக் கழற்றிக்கொண்டே, நாலு வருஷமா நானே திறந்துக்கிட்டு நானே விளக்கைப் போட்டுக்கிட்டு வர்றேன்பா, உள்ளேருந்து ஒருத்தர் வந்து திறந்தா எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாய். உனக்கு அது நினைவிருக்காது, எனக்கு அதற்கப்புறம் வேறெதுவும் நினைவில் நிற்கவில்லை. நாற்பது வருடம் ஊரார் கதவை எல்லாம் வெளியே நின்று திறந்தவன் நான், என் பெண் வீட்டில் திறக்க ஆள் இல்லை என்பது எனக்கு எட்டவே இல்லையே.

இரண்டு அறை வீட்டையே எடுத்துக்கொள் அம்மா. நாளைக்கே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடு, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் குழாய், சன்னல் எல்லாவற்றையும் திறந்து மூடிப் பார், பூட்டைப் பற்றிக் கவலைப்படாதே, அதை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். கடையை அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த மாதம் முதல் வாரத்தில் கிளம்புகிறேன், அத்தையின் வாயை அடைப்பது என் பாடு. உடம்பைப் பார்த்துக்கொள், நீ எடுத்துவைக்கிற ஒவ்வொரு அடியும் நல்லதாகவே முடியட்டும், உனக்கு எந்தக் குறையும் வரக் கூடாது. நான் அங்கே வந்த பிறகு வழக்கம்போல மணியை அடி. வயதானவன், எழுந்து வரக் கொஞ்சம் நேரமாகும். இரண்டாவது தடவை அடிக்காதே, வந்துகொண்டுதான் இருப்பேன்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா