பாலக்கரை பேண்டின் கார்னெட்

30 ஜனவரி 1942, வெள்ளி

ஸ்ரீரங்கத்தில் வக்கீல் சக்ரபாணி ஐயங்கார் வீட்டு ஜானவாசம், அதாவது மாப்பிள்ளை ஊர்வலம். பேண்டுக்காரர்கள் உடுப்பு எல்லாவற்றையும் காலையிலேயே இஸ்திரி போட்டு மூட்டை கட்டிவிட்டேன். வாத்தியங்களோடு நானும் வண்டியில். அற்புதசாமி சித்தப்பாவின் பேண்டு என்பதால் அம்மா விடுகிறாள். இல்லாவிட்டால் நடக்குமா?

கல்யாணப் பெண்ணின் அத்தை, வேதவதி என்று பெயர், கொல்லைப்பக்கம் எனக்குக் காபி கொடுத்தார்.

"நீயும் பேண்டுல சேர்த்தியாடி? என்ன வாசிப்பே?"

"வாசிக்கறதில்லம்மா. பித்தான் தைப்பேன், பெட்டி தூக்குவேன்."

சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

ஊர்வலம் வீதி முனை திரும்பும்போது எங்கள் பேண்டின் பிலோமின்ராஜ் ஊதும் கார்னெட், அந்தச் சின்னப் பித்தளைக் குழல், மட்டும் தனியாக எழும்பியது. ரத்தினவேல் பெரிய டிரம்மை அடிக்காமல் கையை நிறுத்திக்கொண்டான். சாரட்டு வண்டியில் இருந்த மாப்பிள்ளைகூடத் திரும்பிப் பார்த்தார். இந்த மனுஷர் வாசிக்கும்போதெல்லாம் நான் ஏன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்?

8 மார்ச் 1942

பிலோமின்ராஜ் பட்டாளத்தில் பெயர் கொடுத்துவிட்டார். பேண்டு உடுப்பைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

"ரெஜிமெண்டுக்குன்னு தனி பேண்டு இருக்கு, சவேரி. வாசிக்கிறதுதான் வேல. துப்பாக்கி தூக்க வேண்டியதில்ல."

பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை முடிந்து வந்த சித்தப்பா கை கழுவாமலே உட்கார்ந்திருந்தார்.

நான் கேட்டது: "பித்தான் எல்லாம் சரியா இருக்கா?"

வேறு எவ்வளவோ கேட்டிருக்கலாம்.

23 மார்ச் 1942

ஜங்ஷனில் ரயில் ஏற்றிவிட்டோம். கார்னெட் பேண்டுடைய சொத்து என்று விட்டுவிட்டுப் போகிறார். ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்து, "வால்வுக்கு எண்ணெ போட்டு வை. காஞ்சா பிடிச்சுக்கும்" என்றார்.

என்னிடம் சொன்னது அவ்வளவுதான்.

19 ஆகஸ்ட் 1942

காந்தியைப் பிடித்ததிலிருந்து தந்திக் கம்பிகளை அறுக்கிறார்களாம். ஊர்வலம் கூடாதென்று தடை. பேசி வைத்திருந்த கல்யாணங்கள் கைநழுவிப் போயின. தஞ்சாவூரிலிருந்து கார்னெட்டுக்கு ஒரு ஆள் வந்தான். இரண்டு கல்யாணத்தோடு சொல்லாமல் போய்விட்டான். கார்னெட் இல்லாத பேண்டை எவன் கூப்பிடுவான் என்று ரத்தினவேல் டிரம்மின் மேலே தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்கிறான்.

11 நவம்பர் 1942

எண்ணெய் போடும்போது ஒருதரம் ஊதிப் பார்த்தேன். கன்றுக்குட்டி கத்துவது மாதிரி ஒரு சத்தம். பயந்து பெட்டியை மூடினேன்.

பிறகு மறுபடியும் திறந்தேன். விரல் எங்கெங்கே அமுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கிறது! தரையைப் பார்த்துக்கொண்டு நின்றதாக எழுதினேனே — அத்தனை வருஷமும் அந்த விரல்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

உதடு வீங்கிவிட்டது. பல்வலி என்று அம்மாவிடம் பொய்.

17 ஏப்ரல் 1943

வெளியே கேட்காமல் இருக்கக் கார்னெட்டின் அகன்ற வாயில் பழைய சேலைத் துணியை அடைத்துக்கொண்டு, தையல் அறையில் பகல் நேரத்தில் வாசிப்பது வழக்கம். இன்று திரும்பினால் வாசற்படியில் சித்தப்பா. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ! அடிதான் விழும் என்று நினைத்தேன்.

"துணிய எடுத்துட்டு வாசி" என்றார்.

வாசித்தேன். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

அம்மாதான் ஓயவில்லை. "பொம்பளப் புள்ள பித்தளைய வாயில கவ்விக்கிட்டு நாலு பேர் முன்னாடி நிப்பியா? அப்புறம் எவன்டி கட்டுவான்?"

8 செப்டம்பர் 1943

மாதா திருநாள். பெண் பேண்டில் வாசிக்கக் கூடாதென்று பங்குச் சாமியார் முதலில் மறுத்தார். தெருவுக்கு வரமாட்டாள், கோயில் வளாகத்துக்குள் மட்டும்தான் என்று சித்தப்பா கெஞ்சி அனுமதி வாங்கினார். முக்காடு நழுவாமல் ஊசி குத்திக்கொண்டு நின்றேன். முதல் பாட்டில் இரண்டு இடம் பிசிறியது. பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். இரண்டாவதில் பிசிறு நின்றுவிட்டது. மூன்றாவதில் சிரிப்பும் நின்றது.

சந்தோஷமாக இருந்தேன். எழுதவே கூசுகிறது. பிலோமின்ராஜின் இடம் காலியானதால் எனக்குக் கிடைத்த சந்தோஷம் இது.

20 ஜூன் 1944

பர்மா எல்லையில் பிலோமின்ராஜுக்குக் காயம். உயிருக்குப் பயமில்லை என்று அவர் வீட்டுக்குத் தகவல். எங்கே காயம் என்று இல்லை.

14 ஜனவரி 1945

வந்துவிட்டார்.

கீழ்த்தாடை ஒரு பக்கம் உள்ளே போயிருக்கிறது. முன்பற்கள் இல்லை. பேச்சு குழறுகிறது. சண்டை நடக்கிற இடத்துக்குப் போனதும் வாத்தியங்களைக் கிடங்கில் பூட்டிவிட்டார்களாம். "பேண்டுக்காரன் கையில ஸ்டிரெச்சரக் கொடுத்துட்டான். ஒரு வருஷமா அடிபட்ட ஆளத்தான் தூக்கினேன்."

கார்னெட்டைக் கேட்டார். சித்தப்பா தயங்கித் தயங்கிக் கொடுத்தார். காற்றுதான் வந்தது. எச்சில் வழிந்தது. நாங்கள் யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. மெதுவாகத் துடைத்தார். "பளபளன்னு வச்சிருக்கீங்க. யார் வாசிக்கிறா?"

ரத்தினவேல் சொல்லிவிட்டான். "சவேரிதான்."

"வாசி."

எப்படி வாசிப்பேன்? வாசித்தேன். பாதியில் எழுந்து வெளியே போனார். திரும்பி வரவில்லை.

9 ஏப்ரல் 1945

பூசை முடிந்து வரும்போது கோயில் வாசலில் நின்றிருந்தார். கூட்ஸ் ஷெட்டில் வாட்ச்மேன் வேலை கிடைத்திருக்கிறதாம். "என்னையக் கட்டிக்கிறியா, சவேரி?"

இந்த வார்த்தைக்காக எத்தனை வருஷம்! சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே:

"ஒண்ணே ஒண்ணு. வாசிக்கிறத விட்டுடணும். வீட்டுலயும் வேணாம், வெளியவும் வேணாம். நீ வாசிச்சா என் உதடு தானா அசையுது. தாங்க முடியல."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இதில் யோசிக்க என்னடி இருக்கு என்கிறாள் அம்மா.

22 ஏப்ரல் 1945

வாசிக்காமல் இருக்க முடிகிறதா பார்க்கலாம் என்று கார்னெட்டைச் சித்தப்பா வீட்டில் கொடுத்துவிட்டேன். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் விரல் மட்டும் பலகையை அமுக்கிக்கொண்டே இருக்கிறது. பிலோமின்ராஜ் நல்ல மனுஷர். கேட்டதிலும் தப்பில்லை. ஒரு வாத்தியத்துக்காக ஒரு மனுஷனை விடுவாங்களா? கிறுக்கா நான்?

6 மே 1945

சொல்லிவிட்டேன். "முடியாதுங்க."

கோபப்படுவார் என்றிருந்தேன். கையிலிருந்த வாட்ச்மேன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "தெரியும். நானா இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்" என்றார்.

கோபப்பட்டிருக்கலாம்.

2 ஜூலை 1945

நான் முடியாதென்றதிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை.

4 பிப்ரவரி 1946

பிலோமின்ராஜுக்குக் காட்டூரில் கல்யாணம். போன வாரம் சித்தப்பாவிடம் அவரே வந்து சொல்லிவிட்டுப் போனார்: "நம்ம பேண்டுதான் வரணும். கார்னெட்டும் வரட்டும்." நீ வர வேண்டாம், ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்றார் சித்தப்பா. வருகிறேன் என்றேன்.

பூசைக்குப் பிறகு பந்தலில் வாசித்தோம். அவர் பந்தல் கம்பத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்யாணப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சின்னப் பெண், சிரித்த முகம். நாங்கள் முடித்து வாத்தியங்களைத் துடைக்கும்போது பக்கத்தில் வந்து, "அக்கா, நீங்க தனியா ஒண்ணு வாசிங்களேன்" என்றது.

வாசித்தேன். நன்றாக வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள், அவரும்.

வீட்டுக்கு வரும்போது அம்மா கதவைத் திறந்து வைத்திருந்தாள். சோறு போட்டாள். ரசம் பட்டதும், வாசித்துப் புண்ணான உதடு எரிந்தது. நான் கையை எடுத்ததை அம்மா பார்த்துவிட்டு, தானே எழுந்து போய் மோர் கொண்டுவந்து ஊற்றினாள்.