மதாம் வீட்டு வேலை மாறிப்போனது

ஐப்பசி 10, திங்கள். தூறல்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். காலையில் கண்ணாடி முன்னால் நின்று பிரெஞ்சு வணக்கம், "போன்ஜூர் மதாம்" சொல்லிப் பார்த்தேன். ஆறு தடவை. ஆறாவது தடவையில்தான் பார்த்தேன், பக்கத்து வீட்டுச் செல்வி ஜன்னலில். "அக்கா, யாரு வந்திருக்கா?" என்றாள். யாரும் வரவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து தருமபுரத்தில் மதாம் வீட்டில் சமையல் வேலை. அவரும் தமிழ் அம்மாதான், வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததால் ஊருக்கு மதாம். அவர் காலமானபின் பென்சன் மதாமுக்கு வருகிறது. மகன் பாரிசில். தனியாள், என்னைப்போல. காலையில் அம்பகரத்தூரில் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்பிவிடலாம்.

போன வாரம் ஒரு நாள் சமைத்துக் காட்டினேன். கொடுவா மீன் குழம்பு. வாயில் வைத்ததும், "மீனு கடல்லயே உப்பு போட்டுக்கிட்டுதான் வந்துச்சு சாந்தா, நீ வேற எதுக்கு?" என்றார். உங்களுக்குக் கோபம் வருமா என்று பார்த்தேன் என்றேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. வேலை உறுதி. என் வீட்டுக்காரர் இறந்த இந்த மூன்று வருஷத்தில், என் வாய்க்குப் பதில் வாய் இந்த அம்மாதான்.

வாங்க வேண்டியது: வெந்தயம், சோப்பு, புதுச் செருப்பு (பழையதைத் தைத்தாலும் போதும்).

11, செவ்வாய். வெயில்.

மதாம் போன். மகன் பிரான்சுக்கு அழைத்துப் போகிறானாம், ஆறு மாசம். டிக்கெட் போட்டாயிற்று. எனக்கு வேலை உண்டு, ஆனால் வேறு வேலை. தினம் போய் ஜன்னல் திறந்து, பெருக்கி, செடிக்குத் தண்ணீர் விட்டு, கிளம்பும்போது விளக்கும் டி.வி.யும் போட்டுவிட்டு வர வேண்டும். ஆள் இருக்கிற வீடு மாதிரி. சமையல் கிடையாது. சம்பளம் முன்னே சொன்னதைவிடக் கூட. வெள்ளிக்குள் பதில்.

செல்வி: "சும்மா ஒக்காந்திருக்கச் சம்பளமா? யோகந்தான்க்கா." அவள் வீட்டில் ஏழு பேர். சும்மா உட்காருவது அவளுக்கு யோகம்தான்.

திருப்பூருக்கு, மகளுக்குப் போன். "சரின்னு சொல்லிடும்மா. வச்சிடவா?"

12, புதன். மழை. களையெடுப்பு இல்லை.

யோசனை. வேண்டாம் என்றால் மறுபடி வயல், முழங்கால் வலி. சரி என்றால் என் காலி வீட்டைப் பூட்டிவிட்டு, பஸ் ஏறிப் போய் இன்னொரு காலி வீட்டைத் திறக்க வேண்டும். அங்கே சுவருக்குப் பெயிண்ட் உண்டு. அவ்வளவுதான்.

டி.வி.யைப் போட்டு ஆள் இருக்கிற மாதிரி வைப்பது எனக்குப் புதுசு இல்லை. மூன்று வருஷமாகச் செய்கிறேன், சம்பளம் இல்லாமல்.

மதியம் சோறு, ரசம். சாயங்காலமும் அவர்களே.

14, வெள்ளி. மேகம்.

நேரில் போனேன். ஒத்திகை பார்த்த போன்ஜூர் வாயில் வரவில்லை. பெட்டி திறந்து கிடந்தது. மதாம் கம்பளிச் சட்டை மடித்துக்கொண்டிருந்தார்.

"சம்பளமெல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா. ஆறு மாசம் செவுத்தோட என்னத்தப் பேசுறது?" என்று கேட்டுவிட்டேன்.

மடிப்பதை நிறுத்தினார். "நா மட்டும் அங்க யாரோட பேசப்போறேன்? மருமவ வேலைக்குப் போயிடுவா. பேரப்புள்ளைக்குத் தமிழ் வராது. ஜன்னலத் தொறந்தா குளுரு."

நானும் ஒரு சட்டையை எடுத்து மடித்தேன்.

பிறகு நான்தான் சொன்னேன். வருகிறேன், ஆனால் உங்கள் அடுப்பைச் சும்மா விட மாட்டேன். தினம் ஒரு குழம்பு வைப்பேன், கூடுதல் சம்பளத்துக்குப் பதில் மளிகை. நீங்கள் போனில் பார்த்துத் திட்ட வேண்டும். ஒரு நாள் திட்டாவிட்டாலும் மறுநாள் வர மாட்டேன்.

"அப்ப திட்டுறதுக்கு எனக்கு யாரு சம்பளம் குடுப்பா?" என்றார். மகனிடம் சொல்ல வேண்டாமாம். அவனுக்குப் புரியாதாம்.

பஸ்ஸில் ஜன்னலோரம். சாரல் அடித்தது, மூடவில்லை.

26, புதன். வெயில்.

மதாம் விமானம் ஏறி மூன்று நாள். பெரிய வீடு. நாற்காலிகளுக்கெல்லாம் துணி போர்த்தியிருக்கிறது. வெறுங்காலோடு நடந்தாலும் சத்தம் கேட்கிறது.

ஒரு மணிக்கு முதல் வீடியோ கால். அங்கே காலை, தலை வாராமல் உட்கார்ந்திருந்தார். கத்தரிக்காய்க் கருவாட்டுக் குழம்பு. எண்ணெய் எங்கே, திருடிக்கொண்டு போய்விட்டாயா என்று நன்றாகத் திட்டினார். "கிட்டக் காட்டு" என்றார். கிட்டக் காட்டினேன். போன் குழம்பில் விழுந்தது. கரண்டியால் எடுத்துத் துடைத்து, ஈரம் போக அரிசி டின்னில் புதைத்திருக்கிறேன். மதாம் கடைசியாகப் பார்த்தது கத்தரிக்காய்.