குழாய்க்குள்ளிருந்து ஒரு காலை வணக்கம்

லா ரோஷ் கடற்கரை, கிரெனடா
ஞாயிற்றுக்கிழமை, பிரார்த்தனை முடிந்து

அன்புள்ள எல்வினுக்கு,

ஜெம்மா எழுதுவது. இங்கே நானும் நம் மகள் டெனிகாவும் நலம். நார்வேயில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நான் முக்கியமாக எதையாவது கேட்கும்போதெல்லாம் உன் பக்கம் சிக்னல் போய்விடுகிறது. மழை பெய்ததா, டெனிகாவுக்குப் பல் விழுந்ததா, பாதிரியாருக்கு இடுப்பு வலி எப்படி என்பதற்கெல்லாம் மணி மாதிரி கேட்கிறது. எப்போது வீட்டுக்கு வருகிறாய் என்று கேட்டால்தான் கடல் நடுவில் வந்துவிடுகிறது. கடிதத்துக்கு அந்தக் குறை கிடையாது. பாதியில் மடித்து வைக்கலாம். ஆனால் அது பேசிக்கொண்டேதான் இருக்கும்.

போன வாரம் போனில், முதுகு வெந்துபோய்விட்டது, வெயில் பட்ட இடத்துக்கு என்ன தடவலாம் என்று கேட்டாய். கற்றாழை என்று சொன்னேன். போனை வைத்த பிறகுதான் எனக்கு யோசனை வந்தது. டெனிகாவின் பள்ளிக்கூட வரைபடப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். உன் கப்பல் நிற்பதாக நீ சொன்ன ஊரில் இந்த மாதத்தில் சூரியன் வருவது பேருக்குத்தானாம். கப்பலின் அடித்தளத்தில், சலவை அறையில், படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருப்பவன் முதுகை அந்தச் சூரியன் எந்தச் சன்னல் வழியாகத் தேடி வந்து சுட்டது என்று அந்தப் புத்தகத்தில் போடவில்லை.

பக்கத்துக் கடை மிஸ் தெல்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் உனக்கு ஞானத்தாய், ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்வார் என்று நினைத்தேன். மாம்பழத்தை நறுக்குவதை நிறுத்தாமல், “நார்வேங்கறது ஊர் பேரா, பொம்பள பேரா? நல்லா விசாரிச்சியா பொண்ணே?” என்றார். அவர் ஆறுதல் சொல்லும் முறை உனக்குத் தெரியும்.

ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் போனாய். ஒப்பந்தம் முடிந்தது. வேறு கப்பலில் ஏறிவிட்டேன், குளிர்ப் பக்கம் அனுப்புகிறார்கள் என்றாய். அதிலிருந்து, எனக்குப் புருஷன் இருக்கிறானா இல்லையா என்பதைக் கடற்கரையில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். எனக்கே எது சரி என்று தெரியாததால் யாரிடமும் சண்டை போட முடியவில்லை. அதுதான் இதில் மிகப் பெரிய கஷ்டம்.

சரி, கடைச் செய்தி. இந்தப் பருவத்தில் கப்பல்கள் குறைவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் வரும் பெரிய வெள்ளைக் கப்பல்தான் நமக்குச் சோறு போடுகிறது. துறைமுகத்திலிருந்து காஸ்மஸின் படகில் ஏறி வந்து இறங்குகிறார்கள். கடலில் கவிழ்ந்து மீன் பார்க்க முகக் கண்ணாடி, மூச்சு விடும் குழாய், காலுக்குத் துடுப்பு எல்லாம் என் கடையில் வாடகைக்கு எடுக்கிறார்கள். கண்ணாடிக்குள் எச்சில் துப்பித் தேய்த்தால் புகை படியாது என்று சொன்னால், நான் அவர்களை அவமானப்படுத்திவிட்டது போலப் பார்க்கிறார்கள். துடுப்பை மணலிலேயே மாட்டிக்கொண்டு முன்னால் நடந்து விழுகிறார்கள். பிறகு பாறைப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் தலையைக் கவிழ்த்துக் கிடந்துவிட்டு வந்து, நீல மீன் ஒன்று பார்த்தோம், மஞ்சள் மீன் ஒன்று பார்த்தோம் என்று எனக்கு எடுத்துச் சொல்கிறார்கள். நான் முதல் தடவை கேட்பது போல முகத்தை வைத்துக்கொள்கிறேன். தொழில் அப்படி.

இப்போது உன்னிடம் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கப்பலிலிருந்து ஒருவர் வருகிறார்.

புத்தாண்டு முடிந்ததிலிருந்து செவ்வாய் தவறுவதில்லை. உல்லாசப் பயணிகள் ஒரு தடவை வந்தால் ஆயுளுக்கும் போதும் என்று போகிறவர்கள். வாராவாரம் அதே கப்பலில் அதே கரைக்கு வருகிறவரை நாங்கள் பார்த்ததில்லை. காஸ்மஸின் படகிலும் அவர் வருவதில்லை. கடல்திராட்சை மரத்துக்குப் பின்னாலிருந்து நடந்து வருகிறார். வரும்போதே முகத்தில் கண்ணாடி, வாயில் குழாய். மற்றவர்கள் கரையில் நின்றால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடுவார்கள். இவர் மணலில் நடப்பதற்கும் கண்ணாடி வேண்டும் என்று நினைக்கிறார். முழுக்கைச் சட்டை, காதுவரை இழுத்துவிட்ட தொப்பி. சட்டை மெல்லியது. முதுகு நிச்சயம் வெந்திருக்கும்.

பாறைப் பக்கம் அவர் போவதே இல்லை. என் கடைக்கு நேர் எதிரே, வெறும் மணலும் பழைய டயரும் மட்டும் கிடக்கிற இடத்தில் மிதக்கிறார். அந்த டயரில் மீன் கூட இல்லை. ஆனால் மணிக்கணக்காக அதையே ஆராய்ச்சி செய்கிறார்.

கடற்கரையில் பேச்சு கிளம்பிவிட்டது. வரி ஆபீஸிலிருந்து வேவு பார்க்க அனுப்பியிருக்கிறார்கள் என்றார் மிஸ் தெல்மா. அன்றிலிருந்து பழத்தட்டில் பாதியைத் துணி போட்டு மூடி வைக்கிறார். ஓட்டல் கட்டப்போகிற கம்பெனி ஆள், கரையை அளக்கிறான் என்றார் காஸ்மஸ். தான் இருக்கும்வரை ஒருவனும் இந்த மணலைத் தொட முடியாது என்று படகின் மேல் நின்றுகொண்டு பிரசங்கம் செய்தார். தண்ணீரில் கிடந்த ஆள் தலையைத் தூக்கிக் கேட்டுவிட்டு மறுபடி கவிழ்ந்துகொண்டார்.

நான் என் சந்தேகத்தை யாரிடமும் சொல்லவில்லை. கவனிக்க மட்டும் செய்தேன்.

முதலில் கவனித்தது, அந்தக் குழாய் எப்போது திரும்புகிறது என்பதை. நான் வெள்ளைக்காரருக்குத் துடுப்பு மாட்டிவிட்டால் திரும்பாது. பாதிரியார் வந்து பேசினால் திரும்பாது. காஸ்மஸ் படகைக் கட்டிவிட்டு என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தால் போதும், காற்று திசை மாறியது போலக் கரைப் பக்கம் திரும்பிக்கொள்ளும். காஸ்மஸ் என் கையிலிருந்து கோகோ டீ வாங்கிக் குடித்தால் இன்னும் கொஞ்சம் கரைக்கு நெருங்கி வரும். ஒரு தடவை முழங்காலளவு தண்ணீரில், கவிழ்ந்து மிதக்க வழியில்லாமல் மண்டியிட்டுக்கொண்டு மிதந்தார்.

இரண்டாவது, அவர் கடலில் இறங்கும் வழி. முள் பந்து போலக் கடல்முள்ளிகள் கிடக்கும் பாறைத்திட்டுக்கு நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு மணல் வழி இருக்கிறதே, வெளியூர்க்காரர் கண்ணுக்குத் தெரியாதது, அதில் பின்பக்கமாகவே நடந்து இறங்குகிறார். கீழே பார்ப்பதில்லை. திருக்கை கிடந்தால் விலகட்டும் என்று காலை மணலில் தேய்த்துத் தேய்த்து வைக்கிறார். இதையெல்லாம் கப்பலில் சொல்லிக்கொடுக்கிறார்கள் போலிருக்கிறது.

மூன்றாவதுதான் மிஸ் தெல்மாவையே கத்தியைக் கீழே வைக்க வைத்தது.

கப்பலிலிருந்து வருகிறவர்கள் வணக்கம் சொல்வதில்லை என்பது உனக்குத் தெரியும். நேராக வந்து விலை கேட்பார்கள். இந்த ஆள் போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மரத்தைச் சுற்றி வரும்போது மிஸ் தெல்மா எதிரே வந்துவிட்டார். வழி ஒருவருக்கே போதும். அந்த ஆள் ஒதுங்கி, தலையைக் குனிந்து, வாயில் கிடந்த குழாயோடு, “ஊ மானிங், மிஸ் தெல்மா” என்றார். குழாயின் மேல்முனையிலிருந்து வந்தது அந்த மரியாதை.

மிஸ் தெல்மா வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தார். “கப்பல்காரன் எவன்டி குட் மார்னிங் சொல்றான்? அதுவும் பேர் சொல்லி? சின்ன வயசுல வணக்கம் சொல்லாமப் போனதுக்கு நான் ஒருத்தன் முதுகுல வெச்சேன் பாரு, அந்த அடி இன்னிக்கு வரைக்கும் வேலை செய்யுது” என்றார். அந்த ஒருத்தன் யார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மூடி வைத்த பழத்தையெல்லாம் திறந்து வைத்தார்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததையும் எழுதிவிடுகிறேன். பள்ளிக்கூடம் லீவு. டெனிகா கரையோரம் விளையாடிக்கொண்டிருந்தவள் கடல்முள்ளியை மிதித்துவிட்டாள். அவள் போட்ட சத்தத்தில் வெள்ளைக்காரர்கள் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள், பார்ப்பதற்குத்தானே வந்திருக்கிறார்கள். நான் கடையிலிருந்து ஓடிப் போவதற்குள் அந்த ஆள் மரத்தடியிலிருந்து ஓடி வந்துவிட்டார். பிள்ளையைத் தூக்கி மணலில் உட்கார வைத்தார். மிஸ் தெல்மாவின் தட்டிலிருந்து, கேட்காமல், எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கடித்துப் பிளந்தார். அதற்காகக் குழாயை வாயிலிருந்து எடுத்தார். கண்ணாடியை எடுக்கவில்லை. காலில் சாறைப் பிழிந்து, உள்ளங்கையால் தேய்த்துச் சூடாக்கி, முள்ளைத் தட்டித் தட்டி எடுத்தார்.

நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடிக்குள் கீழ்ப் பக்கம் தண்ணீர் தேங்கி நின்றது. சரியாகப் பொருந்தாத கண்ணாடிக்குள் கடல்தண்ணீர் புகுவது சகஜம்தான். ஆனால் அன்றைக்கு அவர் இன்னும் கடலில் இறங்கவே இல்லை.

நன்றி என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, குழாயை மறுபடி வாயில் வைத்துக்கொண்டு, அந்தப் பழைய டயரைப் பார்க்கப் போய்விட்டார்.

எல்வின், அந்த மனிதர் என்னைப் பற்றி எதையோ தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார். வாயில் குழாய் வைத்தவரோடு பேச முடியாது என்பதால் உன்னிடம் சொல்கிறேன். காஸ்மஸ் தினமும் என் பெஞ்சில் வந்து உட்காருகிறார் என்பது உண்மை. என் கையால் டீ குடிக்கிறார் என்பதும் உண்மை. உன் தங்கை வெர்லின் இந்த இரண்டையும் போனில் யார் யாருக்குச் சொன்னாள் என்பதும் எனக்குத் தெரியும். அவள் சொல்லாமல் விட்டது, அந்த பெஞ்சில் உட்கார்ந்தால்தான் மிஸ் தெல்மாவின் கடை நன்றாகத் தெரியும் என்பதை. காஸ்மஸ் எட்டு மாதமாக அவரிடம் பேச்சை ஆரம்பிக்கப் பார்க்கிறார். இதுவரை மாம்பழம் இனிப்பா என்று கேட்பது வரைக்கும் வந்திருக்கிறார். ஈஸ்டருக்குள் பப்பாளிக்கு வந்துவிடுவார். இடையில் நான் டீ போட்டுக் கொடுக்கிறேன். அவ்வளவுதான் என் காதல்.

தண்ணீருக்குள் கவிழ்ந்து கிடந்து பார்த்தால் கரையில் இருப்பதெல்லாம் பெரிதாகவும் நெருக்கமாகவும்தான் தெரியும். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பேன். கேட்பதற்கு நார்வேவரைக்கும் போயிருக்க வேண்டியதில்லை.

எனக்கும் சந்தேகம் இருந்தது என்பதை மறைக்கவில்லை. ராத்திரிகளில் அந்த நார்வேக்கு ஒரு முகமும் தலைமுடியும் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். அவள் நன்றாகச் சமைப்பாள் என்று கூட நினைத்தேன். இப்போது அவளை விட்டுவிட்டேன். அந்த மனிதரும் காஸ்மஸை விட்டுவிட்டால் நல்லது.

இந்தக் கடிதத்தை நீ கொடுத்த மயாமி கம்பெனி விலாசத்துக்கு அனுப்பவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் காஸ்மஸ் துறைமுகத்துக்குப் போகும்போது, அந்த வெள்ளைக் கப்பலின் ஏணியடியில் நிற்கும் காவலாளியிடம் கொடுப்பார். உறையில் “எல்வின், சலவை அறை” என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன். நீ நார்வேயில் இருந்தால் இது உனக்குக் கிடைக்காது. கடிதம் எனக்கே திரும்பி வரும். வீண் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டு அந்தக் குளிர் ஊருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுவேன். ஆனால் இந்த வரியை நீ படித்துக்கொண்டிருந்தால், எல்வின், மேல்தளத்துக்கு ஏறிப் பார். நம் வீட்டுக் கூரை அங்கிருந்து தெரியும்.

அதே செவ்வாய்க்கிழமை மத்தியானம் நம் ஊர்ச் சாப்பாடு ஆயில்டவுன் சமைக்கிறேன். சீமைப்பலா நம் மரத்தில் காய்த்தது. தேங்காய்ப்பால் வற்றி, அடிச்சட்டியில் எண்ணெய் பிரியும்வரை வைத்திருப்பேன். தட்டு மூன்று போடுவேன். மூன்றாவது தட்டுக்கு வருகிறவர் கண்ணாடியையும் குழாயையும் கழற்றி வைத்துவிட்டு, முன்பக்கம் வழியாக, எல்லோரும் பார்க்க நடந்து வர வேண்டும். அன்றைக்கும் கண்ணாடியோடுதான் வருவேன் என்றால், கப்பல் பயணி எவருக்கும் சொல்வது போல வணக்கம் சொல்லி அனுப்பிவிடுவேன். அதற்குப் பிறகு எந்தக் கப்பல் வந்தாலும் தண்ணீரில் யார் கிடக்கிறார்கள் என்று நான் பார்க்கப் போவதில்லை. இதைக் கோபத்தில் எழுதவில்லை. நிதானமாகத்தான் எழுதுகிறேன், எழுத்து கோணாமல் இருப்பதைப் பார்த்தால் தெரியும்.

கடவுள் உன்னை எந்தக் கடலில் வைத்திருந்தாலும் முகம் மேலே இருக்கும்படி வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
இன்றுவரை உன் மனைவியான
ஜெம்மா

பி.கு.: டெனிகாவின் கால் ஆறிவிட்டது. யார் முள் எடுத்தது என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டாராம். “பேரு எனக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியும், அவங்க சொல்ல மாட்டேங்கறாங்க” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.