செல்வியின் நோட்டும் என் ஃபேர் காப்பியும்

ஜூன் 9, திங்கள்

வெயில். காலை எட்டுக்கே மாடிப்படிக் கைப்பிடி சுடுகிறது. தண்ணீர் லாரிக்குச் சொல்ல வேண்டும்.

மாடி அறையில் குடியிருக்கும் செல்வி (நாகர்கோவில் பெண், தரமணியில் இயற்பியல் ஆராய்ச்சி, ஐந்தாம் வருடம்) தன் கருவியைக் காட்டினாள். கறுப்பு டேப் சுற்றிய இரண்டு பலகைகள், ஒன்றன் மேல் ஒன்று. இன்ஸ்டிட்யூட்டில் மராமத்து, அதனால் இங்கே. மியூவான்களை எண்ணுகிறதாம். வானத்தில் வெகு உயரத்தில் பிறந்து கூரையைத் துளைத்து வரும் துகள்கள்.

"கைய நீட்டுங்க ஆன்ட்டி. செகண்டுக்கு ஒண்ணு உங்க உள்ளங்கை வழியா போகுது."

"ஒண்ணும் தெரியலையே."

"தெரிஞ்சா எனக்கு வேலை இருக்காது."

எழுபத்தாறு வயதில் ஐந்து நிமிடம் கையை நீட்டியபடி நின்றேன். கேட்க வேண்டியவை: 1. பகலும் இரவும் ஒரே அளவா? 2. மழை பெய்தால்? 3. உடம்புக்குள்ளேயே நின்றுவிடுவது உண்டா?

ஜூன் 10, செவ்வாய்

விடைகள். 1. ஏறக்குறைய. 2. மழையில்லை, காற்றழுத்தம். அது கூடினால் எண்ணிக்கை குறையும். இவள் ஆராய்ச்சியே அதுதான். 3. மிக அபூர்வம். (கொஞ்சம் ஏமாற்றம்.)

எண்ணிக்கை கம்ப்யூட்டரில் தானே ஏறிவிடும். கருவியில் அவள் கைவைத்து மாற்றியதெல்லாம் நோட்டில். வெள்ளிக்கிழமை கமிட்டி. மூன்று பேராசிரியர்கள் ஏற்றால்தான் தீசிஸ் எழுதலாம். அதுவரை இன்ஸ்டிட்யூட்டிலேயே தங்கித் தயார் செய்கிறாள். காலையும் மாலையும் அழுத்தமானியைப் பார்த்து எழுதச் சொல்லி நோட்டை என்னிடம் தந்துவிட்டுப் போனாள்.

திறந்தேன். அலங்கோலம். பக்கத்துக்குப் பத்து அடித்தல், காப்பிக் கறை. இதையா பேராசிரியர்களிடம் காட்டுவாள்? எங்கள் கான்வென்ட்டில் ஒரு அடித்தல் இருந்தால் பக்கம் முழுவதும் மறுபடி.

ஜூன் 11, புதன்

புது நோட்டில் முழுவதையும் பிரதி எடுத்தேன். மார்ஜின். தேதிகள் சிவப்பு மையில். அடித்த வரிகளை விட்டுவிட்டேன். ரஃப் நோட்டை வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கில்லை. மதியம் பழைய தினசரிகளோடு பேப்பர்காரரிடம் போட்டேன். முதுகு வலி. திருப்தி.

ஜூன் 12, வியாழன்

நோட்டை எடுத்துப்போகச் செல்வி வந்தாள். புதியதை நீட்டினேன். புரட்டினாள்.

"ஆன்ட்டி, பழசு எங்க?"

"போட்டாச்சு. இது எவ்வளவு தெளிவா இருக்கு, பாரு."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தைய பக்கங்களைப் போட்டோ எடுத்து கைடுக்கு அனுப்பியிருக்கிறாள். கடைசி நான்கு நாள் மட்டும் இல்லை. காற்றழுத்தம் நன்றாக ஏறியது அந்த நாட்களில்தான். எண்ணிக்கையும் இறங்கியிருக்கிறது. இறக்கியது காற்றா, அவள் கருவியின் மின்னழுத்தத்தை மாற்றியதா? எத்தனை மணிக்கு, எதிலிருந்து எதற்கு மாற்றினாள் என்பது அடித்த வரிகளில் இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் தவறையும் பழைய அளவையும் அழிப்பதில்லையாம். ஒற்றைக் கோடு போட்டு, படிக்கும்படி விடுவார்களாம்.

ஆட்டோவில் பேப்பர் கடைக்கு.

"நேத்தே லோடு போய்ட்சும்மா. இன்னா, வூட்டுப் பத்திரமா?"

"அதுக்கும் மேலண்ணே," என்றாள் செல்வி.

"அப்போ ஏம்மா என்னாண்ட போட்ட?" கடைக்காரர் என்னைத்தான் கேட்டார்.

திரும்பும்போது சொன்னேன். "அந்த வரி எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. சொல்றேன், எழுதிக்கோ."

"ஞாபகத்துல இருந்து எழுதினா அது டேட்டா இல்ல ஆன்ட்டி." கோபமே இல்லாத குரல். அதுதான் சுட்டது.

மாலை அந்த நான்கு நாட்களை வரைபடத்திலிருந்து நீக்கினாள். அடியில் குறிப்பு: 'நோட்டு தொலைந்துவிட்டது.'

"தொலையலையே. நான் போட்டேன். அப்படியே எழுது."

"எதுக்கு ஆன்ட்டி, விடுங்க."

"நடந்ததை எழுதறதுதானே உன் வேலை?"

எழுதினாள். என் முழுப்பெயர், இனிஷியலுடன். சிவப்பு மையையும் விடவில்லை.

ஜூன் 13, வெள்ளி

மேகம். மழை இல்லை. நான்கு மணிக்கு போன்.

"குறிப்பைப் படிச்சு ஒருத்தர் சிரிச்சுட்டார் ஆன்ட்டி. நிஜமாவே சிவப்பு இங்க்கான்னு கேட்டார்."

"கமிட்டி என்ன சொல்லிச்சு?"

"மத்ததெல்லாம் ஓகே. அழுத்தம் ஏறுற நாளா பார்த்து மறுபடி எடுக்கணும். அடுத்த மாசம் திரும்ப வரச் சொல்லியிருக்காங்க."

ஒரு மாதம். என்னால். மன்னிப்புக் கேட்டேன். கேட்டுப் பழக்கமில்லை, வாக்கியம் பாதியில் நின்றது. "சரி ஆன்ட்டி," என்றாள்.

ஜூன் 14, சனி

காலை 6.00. புதிய அளவீடு தொடக்கம். அழுத்தம் குறிக்கும் வேலை மறுபடி எனக்கே. நோட்டை மட்டும் சணல் கயிற்றால் மேசைக் காலோடு கட்டியிருக்கிறாள்.