மூன்று பேர் சேர்ந்த பாடம்

அன்புள்ள சின்னுவுக்கு, அம்மா எழுதுவது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசைப் பற்றிக் கேட்காதே. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன், கேட்கிற யோக்கியதை எனக்கு உண்டா என்று தெரியவில்லை.

நீ கிளம்பிப் போன மறுநாள்தான் அப்பா சொன்னார், நீயும் மாப்பிள்ளையும் நாலு மாதமாகத் தனித்தனியாக இருக்கிறீர்கள் என்று. பெற்றவளுக்குக் கடைசியில்தான் தெரிகிறது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று குதித்தேன். நீ மூன்று தடவை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாயாம், நான்தான் தலையைத் தூக்காமல் இந்தப் பக்கம் முடியட்டும் என்றேனாம், அப்படிச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். இரண்டு வருஷம் கழித்துப் பத்து நாள் லீவில் வந்தாய். வந்த இரண்டாம் நாளே பிரின்சிபால் போன் செய்து, தத்துவமும் பண்பாட்டு வரலாறும் புதிதாக இரண்டு பாடம், கல்லூரி திறப்பதற்குள் தயாராக வேண்டும், உங்களை விட்டால் ஆள் இல்லை மேடம் என்றார். அந்த வார்த்தைக்குக் குளிர்ந்துபோய்ச் சாப்பாட்டு மேசை முழுக்கப் புத்தகத்தைப் பரப்பினேன், நீயும் அப்பாவும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டீர்கள். கொஞ்சம் நடந்துவிட்டு வரலாமா அம்மா என்றாய், பாடத்தைப் பதினான்கு வாரத்துக்கும் பிரித்து எழுதிவிட்டு வருகிறேன் என்றேன். கல்லூரி திறந்தது, இரண்டு பாடத்துக்கும் சேர்த்து மூன்றே மாணவர்கள். இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பிரின்சிபால் நடந்துகொண்டே சொன்னார், நின்றுகூடச் சொல்லவில்லை. அடுத்த வருஷம் நான் ரிட்டயர். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று யார் சொல்லி வைத்தார்களோ, முப்பது வருஷம் நம்பினேன். தானேதான் வளர்ந்தாய், தானே அழவும் கற்றுக்கொண்டாய்.

உன் மேலும் கோபம்தான். என் பேனாவைப் பிடுங்கி எறிந்திருக்கலாம், கத்தியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, வாசலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விருந்தாளி மாதிரி சொல்லிவிட்டுப் போனாயே, அது இன்னும் குத்துகிறது.

இருபது நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். வா என்றால் வருகிறேன், வேண்டாம் என்றால் அதையாவது எழுது, சும்மா இருந்துவிடாதே. தனியாக இருக்கிறாய், மறு சாவியை நம்பிக்கையான ஒருத்தியிடம் கொடுத்து வை. இரண்டு பேரும் பல்லாண்டு வாழ்க என்று எழுதிப் பழகிய கை, இப்போதும் எழுதிவிட்டது, அடித்திருக்கிறேன். நீ நன்றாக இரு.

உன் அம்மா